எட்டுத் தங்க ராணியின் வீட்டுக்குள் ஓர் எட்டு!

கிளைமாக்ஸை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். அப்புறம் நிதானமாகத் திரைக்குப் பின்னால் போகலாம்.

2018, பிப்ரவரி 25. தென்கொரியாவின் பியோங்சாங். குளிர்கால ஒலிம்பிக்கின் கடைசி நாள், கடைசிப் போட்டி. பெண்களுக்கான 30 கிலோமீட்டர் கிராஸ் கன்ட்ரி ஸ்கீ. முதலாவதாக வந்த நார்வேக்காரப் பெண்மணி கோட்டைத் தாண்டியபோது அவருக்குப் பின்னால் ஒரு ஈ காக்கை இல்லை. ஃபின்லாந்தின் கிறிஸ்டா பார்மகோஸ்கி இரண்டாவதாக வந்து சேர இன்னும் 1 நிமிடம் 49.5 விநாடி பிடித்தது. விநாடியைப் பத்தாகக் கிழித்துத் தங்கமா வெள்ளியா என்று முடிவு செய்கிற ஆட்டத்தில் இப்படியொரு இடைவெளி! ஜெயித்தவருக்கு வயது 37. வீட்டில் இரண்டு வயதுப் பையன். பெயர் மாரிட் பியோர்கன்.

அந்த ஒரு பதக்கம் செய்த வேலையைப் பாருங்கள். அதுவரை தங்கத்தில் ஜெர்மனி 14, நார்வே 13. இந்தத் தங்கம் வந்ததும் 14-க்கு 14 ஆனது. வெள்ளிக் கணக்கில் முந்தியிருந்த நார்வே பட்டியலில் முதலிடத்துக்குத் தாவியது. மொத்தம் 39 பதக்கம். ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் அதுவரை எந்த நாடும் அத்தனை வாங்கியதில்லை. பியோர்கனின் தனிக்கணக்கு 8 தங்கம், 4 வெள்ளி, 3 வெண்கலம், ஆகமொத்தம் 15. பதக்கத்தை அன்றிரவு நிறைவு விழா மேடையிலேயே கழுத்தில் மாட்டினார்கள். தமிழ் சினிமாவில் இப்படி ஒரு கடைசி ரீல் வைத்தால் 'கொஞ்சம் ஓவர்' என்று விமர்சனம் எழுதுவோம்.

இதே பந்தயத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. இரண்டாவது இடத்தில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரியாவின் தெரேசா ஸ்டாட்லோபர், ஒரு பிரிவில் தப்பான பாதையில் திரும்பிவிட்டார்! பதக்கம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவர் ஒன்பதாவதாக வந்து நின்றார். ஒலிம்பிக்கிலும் வழி மாறிப் போகலாம் என்று தெரிந்ததில் எனக்கு ஒரு அற்ப ஆறுதல்.

சரி, டிவியில் வந்தது அவ்வளவுதான். இனி கேமரா போகாத பக்கம். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள்.

முதலில் மெழுகு அறை. கிராஸ் கன்ட்ரி ஸ்கீயில் மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். இறங்கும்போது பலகை வழுக்க வேண்டும். ஏறும்போது அதே பலகை பனியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரே பலகை வழுக்கவும் வேண்டும், வழுக்கவும் கூடாது என்றால் எப்படி? இங்கேதான் கிளாசிக் என்கிற பாணி ஸ்கீயின் கள்ளத்தனம். பலகையைத் தரையில் வைத்தால் நடுப்பகுதி வில் மாதிரி லேசாக மேலே தூக்கி நிற்கும். இரண்டு காலிலும் எடை பரவியிருக்கும்போது அந்த நடுப்பகுதி பனியைத் தொடாது, முன்னும் பின்னும் உள்ள பகுதிகள் மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு காலில் முழு எடையையும் போட்டு ஓங்கி மிதித்தால் வில் நசுங்கி, நடுவில் பூசிய பிடிமான மெழுகு பனியைக் கவ்வும். அந்தக் கணநேரக் கவ்வலில்தான் மேடு ஏறுகிறார்கள்.

இந்தப் பிடிமான மெழுகு குட்டிக் குட்டி டப்பாக்களில் வருகிறது. நார்வேயின் ஸ்விக்ஸ் கம்பெனி டப்பாக்களில் கடுங்குளிருக்குப் பச்சை, அதற்கடுத்து நீலம், பூஜ்ய டிகிரியை ஒட்டி ஊதா, ஈரப் பனிக்குச் சிவப்பு என்று நிறம் பிரித்திருப்பார்கள். பனி உருகி மறுபடி உறைந்து கல்லாகிவிட்டால் டப்பா செல்லாது. கிளிஸ்டர் என்று ட்யூபில் ஒரு பிசின் உண்டு. கையில் பட்டால் சட்டை, கதவு, டெலிபோன் வரைக்கும் ஒட்டிக்கொண்டே வரும்.

வழுக்குவதற்கு வேறு மெழுகு. அதைச் சூடான இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒன்றில் உருக்கி, பலகையின் அடியில் சொட்டு சொட்டாக விட்டு, தேய்த்து, ஆறவிட்டு, பிளாஸ்டிக் தகட்டால் முழுவதும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். கஷ்டப்பட்டுப் பூசியதை எதற்குச் சுரண்ட வேண்டும் என்கிறீர்களா? பலகையின் நுண்துளைகளுக்குள் இறங்கியது போதும், மேலே நிற்பது வேகத்துக்கு எதிரி. சுரண்டியபின் பிரஷ், அதன்பின் இன்னொரு பிரஷ். அதற்கும் முன்னாலேயே கல் சக்கரத்தில் பலகையின் அடியைத் தீட்டி, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கோடுகளைப் போட்டிருப்பார்கள். ஈரப் பனியில் தண்ணீர்ப் படலம் பலகையை உறிஞ்சிப் பிடிக்காமல் அந்தக் கோடுகள் தண்ணீரை வெளியே தள்ளும். புதுப் பனிக்கு ஒரு கோடு, பழைய பனிக்கு ஒரு கோடு.

இதையெல்லாம் செய்ய ஒரு பட்டாளமே இருக்கிறது. ஐரோப்பியப் போட்டிகளுக்கு நார்வே அணி ஒரு ராட்சச டிரெய்லர் லாரியை ஓட்டிக்கொண்டு வரும். நிறுத்தியதும் பக்கவாட்டில் விரிந்து பெரிய பட்டறையாகிவிடும். போட்டி நாளில் விடியும் முன்பே விளக்கு எரியும். கல்யாண வீட்டுச் சமையற்கட்டு தோற்றது போங்கள்: ஒரு பக்கம் ஆவி, ஒரு பக்கம் சுரண்டல் சத்தம், நடுவில் தெர்மாமீட்டரோடு ஒருவர் 'இன்னும் அரை டிகிரி ஏறிடுச்சு' என்று ஓடி வருவார். மெழுகு நிபுணர்கள் இரண்டிரண்டு பேராக ஒரே சரிவில் ஒரே இடத்திலிருந்து சேர்ந்து வழுக்குவார்கள். யார் பலகை முந்துகிறது? பலகையை மாற்றிக்கொண்டு மறுபடி வழுக்கு. தோற்ற மெழுகு வெளியே, ஜெயித்தது அடுத்த சுற்றுக்கு. பதக்கப் போட்டிக்கு முன்பே இங்கே காலிறுதி, அரையிறுதி எல்லாம் முடிந்திருக்கும். கடைசியில் பியோர்கன் வந்து, பிழைத்து நிற்கும் சில ஜோடிகளை மாட்டி ஓட்டிப் பார்த்து, 'இது' என்று கை காட்டுவார்.

ஃப்ளூரின் கலந்த மெழுகுகள் அவர் காலத்தில் கோலோச்சின. அற்புதமாக வழுக்கும், ஆனால் அந்தப் புகை மனிதருக்கும் ஆகாது மண்ணுக்கும் ஆகாது. முகமூடி மாட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். 2023-24 பருவத்திலிருந்து சர்வதேசப் போட்டிகளில் அதற்குத் தடை.

இத்தனை தடபுடலும் சொதப்பினால்? அதையும் பார்த்தாயிற்று. 2014, ரஷ்யாவின் சோச்சி. குளிர்கால ஒலிம்பிக் என்று பெயர், வெயிலோ இளவேனில் மாதிரி. பெண்கள் தொடர் ஓட்டத்தில் நார்வேதான் ஜெயிக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரரும் சொல்லியிருப்பார். 2010 ஒலிம்பிக்கிலும், 2011, 2013 உலக சாம்பியன்ஷிப்களிலும் அவர்கள்தான் முதல். ஹெய்டி வெங், தெரேசே யோஹாக், ஆஸ்ட்ரிட் யாக்கோப்சன், கடைசியில் பியோர்கன் என்று சேனை. துப்பாக்கி வெடித்த கொஞ்ச நேரத்திலேயே பலகைகள் காலை வாரின. பியோர்கன் கைக்கு வரும்போது துரத்திப் பிடிக்கிற தூரமே இல்லை. முடிவு: ஐந்தாம் இடம்! ஸ்வீடன் தங்கம் வாங்கியது. பக்கத்து நாடு, பரம்பரைப் போட்டி. நார்வேயில் அது விளையாட்டுச் செய்தியாக மட்டும் இருக்கவில்லை, தேசியத் துக்கமானது. வீராங்கனைகளை யாரும் திட்டவில்லை. மெழுகுக் குழு மைக் முன்னால் வந்து நின்று பழியைத் தலையில் போட்டுக்கொண்டது. பெரிய அணிகளில் இது அபூர்வம் என்பதால் எனக்கு அந்தக் குழுவின் மேல் தனி மரியாதை.

அதே சோச்சியின் முதல் வாரம் வேறு மாதிரி கனத்தது. போட்டிகள் தொடங்கும் நேரத்தில் ஆஸ்ட்ரிட் யாக்கோப்சனின் சகோதரர் திடீரென்று இறந்துபோனார். மறுநாள், பாதியில் பாணி மாற்றி ஓடும் ஸ்கியாத்லான் போட்டியில் நார்வேப் பெண்கள் கையில் கறுப்புப் பட்டையோடு ஓடினார்கள். பியோர்கன் தங்கம், வெங் வெண்கலம். கோட்டைத் தாண்டியபின் கொண்டாட்டம் இல்லை. எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அதற்கப்புறம் ஸ்பிரின்ட் அரையிறுதியில் பியோர்கன் தடுமாறி விழுந்தார். தொடர் ஓட்டம் மேலே சொன்ன கதை. அதோடு சுருண்டுவிடுவார் என்று பார்த்தால், இங்வில்ட் ஃப்ளுக்ஸ்டாட் ஓஸ்ட்பெர்கோடு சேர்ந்து டீம் ஸ்பிரின்ட் தங்கம், கடைசியில் 30 கிலோமீட்டர் தங்கம். அந்த 30 கிலோமீட்டரில் முதல் மூன்று பேருமே நார்வே.

இப்போது அவர் டைரி. ஆமாம், அந்த அம்மாவின் டைரியையே பார்க்கப் போகிறோம்! கூச்சப்பட வேண்டாம், அனுமதியோடுதான். பியோர்கன் வருடக்கணக்கில் பயிற்சியை நாள் தவறாமல் எழுதி வைத்தவர். இன்று என்ன செய்தேன், எத்தனை நேரம், எந்த வேகத்தில் என்று எல்லாம். நார்வே விளையாட்டு விஞ்ஞானிகள் 17 வருடக் குறிப்புகளை உட்கார்ந்து பிரித்து மேய்ந்து, 2017-ல் 'ஃப்ரான்டியர்ஸ் இன் ஃபிசியாலஜி' இதழில் கட்டுரையாகவே போட்டுவிட்டார்கள்.

20 வயதில் வருடத்துக்கு 522 மணி நேரம் பயிற்சி. 35 வயதை நெருங்கும்போது 940 மணி நேரம். பொங்கல் தீபாவளி விடுப்பு கிடையாது என்று வைத்துக்கொண்டாலும் தினம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். நமக்கு வயதாக ஆகக் குறையும், இவருக்கு ஏறியிருக்கிறது. ஆனால் என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறு விஷயம். அந்தத் தாங்குதிறன் பயிற்சியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் மெதுவான வேகம்! பேசிக்கொண்டே போகலாம் என்கிற அளவுக்கு மெதுவாக. மூச்சு முட்டி நாக்கு தள்ளும் பயிற்சி கொஞ்சமே கொஞ்சம். பியோர்கன் பக்கம் பக்கமாக மெதுவாகப் போனதால்தான் போட்டியில் அப்படிப் பறக்க முடிந்தது என்பது என் கட்சி. மேலே சொன்ன மெழுகு சமாசாரம் அவர் அந்த மணி நேரங்களை வீணாக்காமல் காப்பாற்றிக் கொடுத்தது, அவ்வளவே.

மெதுவாக என்றால் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். அதைக் கண்காணிக்கவே ஆள் நிற்பார். விரல் நுனியிலோ காது மடலிலோ ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம். உடம்பு எவ்வளவு கடுமையாக உழைத்தது என்று காட்டிக்கொடுக்கும் லாக்டேட் அளவு அதில் ஏறியிருந்தால் 'வேகமாகப் போய்விட்டீர்கள், குறையுங்கள்' என்று பதில். உலக சாம்பியனைப் பார்த்து மெதுவாகப் போகச் சொல்வதே ஒருவருக்கு உத்தியோகம். கோடையில் பனி ஏது? தார் ரோட்டில் சக்கரம் வைத்த ஸ்கீ, கையில் கோலோடு மலையேற்றம், சதுப்பு நிலத்தில் ஓட்டம். அதோடு பளு தூக்கல். பியோர்கனின் தோளும் கையும் மற்றவர்கள் பொறாமைப்படும் அளவுக்கு உருண்டு திரண்டதற்கு அதுதான் காரணம். கோல்களை மட்டும் ஊன்றி உடம்பைத் தள்ளும் இடங்களில் அந்தக் கைகள் பேசும்.

பிறந்தது 1980-ல், ட்ரொன்ஹைமில். வளர்ந்தது ரோக்னெஸ் என்ற சின்ன ஊரில், பண்ணை வீட்டில். இருபத்திரண்டு வயதுக்கு முன்பே 2002 சால்ட் லேக் சிட்டியில் தொடர் ஓட்ட வெள்ளி. 2003-ல் உலக சாம்பியன். 2005-லும் 2006-லும் உலகக் கோப்பை ஒட்டுமொத்தப் பட்டம். நார்வேக்காரர்கள் ஸ்கீயில் உயிராக மதிக்கும் ஹோல்மென்கோலன் பதக்கம் 2005-ல். இனி என்ன, ஒலிம்பிக் தங்கம் மட்டும் பாக்கி என்று 2006 டுரினுக்குப் போனார். உடம்பு படுத்தியது. ஒரு வெள்ளியோடு திரும்பினார்.

அப்புறம் வந்ததுதான் இருட்டு. 2009 லிபெரெட்ஸ் உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு பதக்கம்கூட இல்லை. வயது 29 ஆகப் போகிறது, ஒலிம்பிக் தங்கம் கையில் இல்லை. அவருடைய கதை முடிந்ததாகவே ஊர் பேசியது. அடுத்த வருடம் வான்கூவர். ஐந்து போட்டிகளில் இறங்கினார், ஐந்திலும் பதக்கம்: 3 தங்கம், 1 வெள்ளி, 1 வெண்கலம். அந்த வெள்ளி 30 கிலோமீட்டரில் போலந்தின் யுஸ்டினா கோவால்சிக்கிடம் வெறும் 0.3 விநாடியில் போனது. முப்பது கிலோமீட்டர் ஓடி, ஒரு சிமிட்டலில் தங்கம் கைநழுவுவதை யோசித்துப் பாருங்கள்.

கோவால்சிக் பேச்சு எடுத்ததால் அந்த ஆஸ்துமா சங்கதியையும் சொல்லிவிட வேண்டும். உறைகுளிர் காற்றை மணிக்கணக்கில் உள்ளிழுப்பதால் ஸ்கீ வீரர்களுக்கு மூச்சுக்குழல் பிரச்சினை வருவது சகஜம். பியோர்கனும் முறைப்படி அனுமதி பெற்று ஆஸ்துமா மருந்து எடுத்துக்கொண்டார். அது நியாயமா என்று 2010-ல் கோவால்சிக் வெளிப்படையாகவே கேட்டார். அந்த விவாதம் வருடக்கணக்கில் ஓடியது. என் அபிப்பிராயம்: விதிக்குள் நடந்தவரைக் குற்றம் சொல்ல இடமில்லை. விதியைப் பற்றிக் கேள்வி கேட்டவரையும் குற்றம் சொல்ல இடமில்லை.

2012 டிசம்பரில் இன்னொரு பயம். இதயத் துடிப்பு தாறுமாறாகிப் பெரிய தொடரான டூர் டி ஸ்கீயில் இறங்க முடியவில்லை. டாக்டர்கள் பார்த்துச் சரியென்றபின், சில வாரங்களில் வால் டி ஃபியம்மே உலக சாம்பியன்ஷிப். அங்கே 4 தங்கம்.

2015 டிசம்பரில் மகன் பிறந்தான். கணவருக்கு நிகரான துணைவர் ஃப்ரெட் பொர்ரே லுண்ட்பெர்க். அவரும் லேசுப்பட்டவரில்லை, 1994 லில்லெஹாமர் ஒலிம்பிக்கில், ஸ்கீ தாவலும் ஓட்டமும் சேர்ந்த நார்டிக் கம்பைன்டில் தங்கம் வாங்கியவர். அந்த வீட்டு ஷோகேஸில் தூசு தட்டுகிறவர் பாவம்! கர்ப்ப காலத்திலும் டாக்டர் மேற்பார்வையில் பயிற்சியை அளவோடு தொடர்ந்தார். 2017 லாத்தி உலக சாம்பியன்ஷிப்புக்குத் திரும்பி வந்து மறுபடி 4 தங்கம்.

பியோங்சாங்குக்கே திரும்புவோம், அங்கே சமையலறையில் ஒரு கலாட்டா பாக்கி. நார்வே அணி தன் சமையல்காரர்களைக் கூடவே கூட்டிக்கொண்டு போயிருந்தது. 1,500 முட்டைக்கு ஆர்டர் கொடுத்தார்கள். எங்கேயோ ஒரு சைபர் கூடிவிட்டது. லாரியிலிருந்து இறக்குகிறார்கள், இறக்குகிறார்கள், முடியவே இல்லை: 15,000 முட்டை! வீரர்களோ 109 பேர். மிச்சம் 13,500-ஐத் திருப்பி அனுப்பினார்கள். ஆம்லெட் ஜோக்குகள் உலகம் முழுக்க ஓடின.

அந்த முட்டை தின்ற தெம்போ என்னவோ, தொடர் ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் பியோர்கன் செய்ததை யூடியூபில் தேடிப் பாருங்கள். பக்கத்தில் ஸ்வீடனின் ஸ்டினா நில்சன். சில நாள் முன்புதான் ஸ்பிரின்ட் தங்கம் வாங்கிய, பியோர்கனைவிடப் பதிமூன்று வயது சின்ன மின்னல். கடைசி நூறு மீட்டர் வரை போனால் நில்சன் கை ஓங்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பியோர்கன் அதுவரை காத்திருக்கவில்லை. மேட்டிலேயே வேகத்தைக் கூட்டி, நில்சனின் காலைக் களைக்கவைத்து, 2 விநாடி முன்னால் முடித்தார். பலகை, மெழுகு, 940 மணி நேரம் எல்லாம் கூடிவந்து நின்ற இடம் அந்த மேடு.

அதே வருடம் ஏப்ரலில் ஓய்வை அறிவித்தார். இன்னொரு பருவத்துக்கு முழு மூச்சாக உழைக்கும் உந்துதல் இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டார். உலகக் கோப்பையில் 114 தனிநபர் வெற்றிகள், உலக சாம்பியன்ஷிப்பில் 18 தங்கம், ஒலிம்பிக்கில் 15 பதக்கம்.

அடுத்த முறை டிவியில் ஸ்கீ போட்டி ஓடினால் சேனலை மாற்றிவிடாதீர்கள். தொடங்கும் முன் வீராங்கனையின் காலடியில் குனிந்து, பலகையின் அடியைக் கடைசியாக ஒருமுறை தடவிக்கொண்டிருக்கும் ஆள் ஒரு விநாடி திரையில் வருவார். பெயர் போட மாட்டார்கள். அந்தப் போட்டியில் அவருக்கும் பங்கு உண்டு.